முதல் தண்ணீர்

சனிக்கிழமை காலை. நல்ல மழை. முற்றத்துச் சார்ப்பின் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பேசினுக்குள் விட்டிருந்தேன்.

நீல விளிம்பு வைத்த வெள்ளைப் பீங்கான் பேசின் அது. உள்ளே சவுக்காரம் போடாத வெறும் தண்ணீர். தண்ணீருக்குள் கோயில் பூசைத் துணிகள். ஒரு சின்னத் துணியிலிருந்து திராட்சை ரசக் கறை இளஞ்சிவப்பாகப் பிரிந்து வந்துகொண்டிருந்தது.

அறைக்குள்ளிருந்து என் மனைவி ஜோசபின் கூப்பிட்டாள்.

"ஏங்க..."

"என்னா?"

"செத்த வாங்களேன்."

"கையில கோயில் துணி இருக்குது. முதல் தண்ணில கை வெச்சிட்டேன். ஒரு நிமிஷம் இரு."

"சரி," என்றாள்.

அந்தச் 'சரி'யைப் பற்றி எழுதத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். நேராகப் போவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். போன வாரம் ராணுவ பாரக்ஸ் குளிரில் ஆரம்பித்து மீன்குழம்பில் முடித்துவிட்டீர்களே என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். வயசாகிவிட்டது ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்தா வீட்டுத் துணி

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவன். புதுச்சேரியில் எங்களைச் 'சொல்தா' என்பார்கள். பாதி ஆயுளைப் பிரான்ஸ் குளிரில் கழித்துவிட்டுப் பென்ஷனோடு நெல்லித்தோப்புக்குத் திரும்பி, ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன். ஒரே மகள் அங்கேயே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள்.

ஊர் திரும்பிய புதிதில் ஒரு நாள் பூசை முடிந்து வெளியே வந்தால் ஜோசபினைக் காணோம். கோயிலின் பக்கவாட்டு வாசலில் மாசேரோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் கன்னியாஸ்திரியை மாசேர் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுக்கு வரும்போது அவள் கையில் ஒரு வெள்ளைப் பை இருந்தது.

"என்னா இது?"

"கோயில் துணி. இனிமே நம்ம வீட்டுலதான் தோய்க்கப் போறோம்."

"நம்மன்னு என்னைச் சேக்காத. நீ தோய்."

"நான்தான். இத்தினி வருஷம் சொல்தா துணி தோச்சேன். மீதி காலத்துக்கு ஆண்டவரு துணியத் தோய்க்கிறேன். உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் முற்றத்துக்குச் சிமென்ட் போடும் நாள் வந்தது.

ஒரு முழம் மண்

எங்கள் மதத்தைச் சேராதவர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். பூசையில் அப்பமும் ரசமும் ஆண்டவருடைய உடலும் இரத்தமுமாக ஆகின்றன என்பது எங்கள் விசுவாசம். கிண்ணத்துக்குக் கீழே ஒரு சதுரத் துணி விரிப்பார்கள். கிண்ணத்தைத் துடைக்க இன்னொரு சின்னத் துணி. அவற்றில் ஒரு துகளோ ஒரு துளியோ ஒட்டியிருக்கலாம் அல்லவா? அதனால் அந்தத் துணிகளை முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். அந்த முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. கால் மிதிபடாத மண்ணில்தான் ஊற்ற வேண்டும். அதற்கப்புறம் சவுக்காரம் போடலாம், கஞ்சி போடலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

நெல்லித்தோப்பில் வீட்டுக்குள் மண்ணுக்கு எங்கே போவது? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். இருந்த கொஞ்சம் முற்றத்துக்கும் நான் கொத்தனாரை வரச்சொல்லிச் சிமென்ட் குழைத்தாகிவிட்டது. ஸ்கூட்டரை உள்ளே நிறுத்த வேண்டும் என்பது என் திட்டம். ஜோசபின் வந்து மூலையில் நின்றுகொண்டாள்.

"இங்க ஒரு முழம் வுடுங்க. சிமென்ட் வேணாம்."

"அப்போ ஸ்கூட்டர் எங்க நிக்கும்?"

"தெருவுல நிக்கட்டும். ஸ்கூட்டருக்கு நெழல் வேணுன்றதுக்காகச் சாமி சாக்கடையில போவணுமா?"

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஸ்கூட்டர் இன்றைக்கும் தெருவில்தான் நிற்கிறது. சீட்டுக் கிழிந்து பஞ்சு தெரிகிறது.

அந்த ஒரு முழ மண்ணில் ஒரு நந்தியாவட்டையை நட்டாள். வருஷம் பூராவும் பூக்கும். ஒரு பூவைக்கூடப் பறிக்க மாட்டாள், பறிக்கவும் விடமாட்டாள்.

அவளுக்கென்று ஒரு கட்டளையும் வைத்திருந்தாள். முதல் தண்ணீரில் கை வைத்துவிட்டால், அதைக் கொண்டுபோய் மண்ணில் ஊற்றுகிற வரைக்கும் வேறு எதையும் தொடக் கூடாது. அடுப்பில் பால் பொங்கி வழியும், தொட மாட்டாள். ஒரு தடவை மகளிடமிருந்து போன் வந்து அடித்து அடித்து ஓய்ந்தது. இவள் அசையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மிலித்தேர்லகூட இவ்ளோ கெடுபிடி கெடையாதுடி. ஒரு துணிக்கா இத்தினி மரியாதை?"

"துணிக்கு இன்னா மரியாதை? கடையில வாங்கின துணிதான அது. அவரு ஒடம்பு அதுல பட்டிருக்குது இல்ல, அதுக்குத்தாங்க."

நல்ல பதில்தான். கேட்டுக்கொண்டு பேப்பர் படிக்கப் போய்விட்டேன்.

தெருமுனை வரைக்கும்

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஜோசபினுக்கு வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. நல்லவேளை, பேச்சுக்கும் வலது கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போடச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் முற்றமும் செடியும் தெரியும்.

ஒரு வாரம் கழித்து மாசேர் வந்தார். தங்கமான மனுஷி. கட்டிலோரம் உட்கார்ந்து ஜெபம் சொன்னார். எழுந்திருக்கும்போது மெதுவாகச் சொன்னார்.

"நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா. துணியப் பத்திக் கவலப்படாதீங்க. வேற ஒரு வீட்டுல ஏற்பாடு பண்ணிட்டோம். அவங்க வீட்டுல மிஷினும் இருக்குது."

ஜோசபின் தலையை ஆட்டினாள். மாசேர் வாசல் பக்கம் போனதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னா பாவம் பண்ணேன்னு தெரியல. சாமி என்னை வேலைய வுட்டு நிறுத்திட்டாருங்க," என்றாள்.

கை கால் விழுந்தபோது அழாதவள். டாக்டர் இனி நடப்பது கஷ்டம் என்றபோது "ஆவட்டும்" என்றவள். இதற்கு அழுதாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனை வரைக்கும் ஓடினேன்.

"மாசேர்! துணி எங்க வீட்டுக்கே வரட்டும்."

"யாரு தோய்ப்பாங்க ஐயா?"

"நான் தோய்க்கிறேன்."

மாசேர் என் மீசையை ஒரு தடவை பார்த்தார். சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். "சரி, அனுப்பிவைக்கிறேன்," என்றார்.

முன் பெஞ்சு

பாரக்ஸில் எங்களுக்கு ஒரு வேலை உண்டு, 'கொர்வே' என்பார்கள். கக்கூஸ் கழுவுவது, உருளைக்கிழங்கு உரிப்பது, அந்த மாதிரி முறைவேலை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டு வருவோம். கோயில் துணியையும் முதலில் அப்படித்தான் எடுத்தேன்.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், எனக்கு அது நன்றாக வந்தது. சொல்தாவுக்கு மடிக்கவும் தேய்க்கவும் சொல்லித்தர வேண்டுமா? அந்தக் காலத்தில் சட்டை மடிப்பில் ஒரு விரல் பிசகினால் மொத்தத்தையும் தரையில் கொட்டிவிட்டுப் போவார் எங்கள் 'அத்ஜுதான்', எங்களுக்கு மேலே இருந்த அதிகாரி. சதுரத் துணியை மூன்றாக, மறுபடி மூன்றாக, ஒன்பது கட்டம் வர மடிக்க வேண்டும். நான் மடித்தால் ஒன்பது கட்டமும் ஒன்றுபோல நிற்கும். "என்னைவுட நல்லா மடிக்கிறீங்க," என்று ஜோசபினே ஒப்புக்கொண்டாள்.

கட்டிலில் இருந்தபடியே எல்லாவற்றையும் கவனிப்பாள். நான் பேசினைத் தூக்கிக்கொண்டு நந்தியாவட்டைப் பக்கம் போனால் போதும், ஜன்னலிலிருந்து குரல் வந்துவிடும்.

"மெதுவா ஊத்துங்க. வேர் கலையும்."

ஒவ்வொரு வாரமும் அதே வார்த்தை. "தெரியும்டி," என்பேன் நானும்.

துணி தொடும் நாளில் விடியற்காலையில் குளித்து, சலவை வேட்டி கட்டி, சிகரெட்டைத் தொடாமல் இருந்தேன். பிறகு சிகரெட்டையே விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பங்குச்சாமியார் பெயர் சொல்லாமல் என்னைப் பற்றிச் சொன்னார். கடவுளுக்குப் பக்கத்தில் நின்று ஊழியம் செய்வது ஒரு வரம், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் ஒருவர் நம் நடுவில் இருக்கிறார் என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து நான் முன் பெஞ்சுக்கு மாறினேன். இதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மாறினேன்.

ஜோசபினை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அரியாங்குப்பத்திலிருந்து அஞ்சலை என்றொரு பெண் தினமும் காலை பஸ்ஸில் வருவாள். துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, படுக்கை மாற்றுவது எல்லாம் அவள்தான். சாயங்காலம் போகும்போது மறுநாள் காலை வரைக்கும் தாங்குகிற மாதிரி இடுப்பில் துணி கட்டிவிட்டுப் போவாள். அவள் நீல டப்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அறைக்குள் வருவதைப் பார்த்தாலே நான் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

அது பொம்பளை வேலை என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அருவருப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். என்னோடு பனியில் நடந்த பெண்ணை அந்த நிலையில் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

அந்தச் சனிக்கிழமை

மறுநாள் எங்கள் கோயில் திருவிழா. ஆயர், அதாவது பிஷப், பூசைக்கு வருகிறார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு துணி வந்திருந்தது. மழையில் எதுவும் காயாது, இஸ்திரி போட்டேதான் காயவைக்க வேண்டும். மத்தியானத்துக்குள் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று மாசேர் சொல்லியிருந்தார்.

காலையிலேயே அஞ்சலை போன் பண்ணினாள்.

"ஐயா, எங்க தெருவுல முட்டியளவு தண்ணி. பஸ்ஸும் வரல. மூணு மணிக்கு மேலதான் வர முடியும். அம்மாவ அதுவரிக்கும் பாத்துக்குங்க."

"அதெல்லாம் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுத்தான் பேசினுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவள் கூப்பிட்டாள். அப்போதுதான் நான் ஒரு நிமிஷம் இரு என்றேன். அவளும் சரி என்றாள்.

முதல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போயிருக்கலாம். அவள் போட்ட கட்டளை அதுவரைக்கும்தான், மிஞ்சிப்போனால் கால் மணி நேரம். செடிக்கு ஊற்றினேன். ஜன்னலிலிருந்து அன்றைக்குக் குரல் வரவில்லை. தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தேன். எட்டிப் பார்க்க இரண்டு எட்டு வைத்தால் போதும். வைக்கவில்லை. சவுக்காரம் போட்டேன், அலசினேன், கஞ்சி போட்டேன், இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினேன். மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே ஒன்பது கட்டமாக ஒவ்வொன்றையும் மடித்தேன். அன்றைக்கு அமைந்த மாதிரி மடிப்பு என்றைக்கும் அமைந்ததில்லை. ஆயர் கை படப்போகிற துணி அல்லவா.

எல்லாம் முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேலாக இருந்த துணியை எடுத்துக்கொண்டு அவளிடம் காட்டப் போனேன். பாராட்டு வாங்கத்தான் போனேன்.

வாசற்படியிலேயே நாற்றம் தெரிந்தது.

ஜோசபின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போர்வையை வலது கையால் கழுத்து வரைக்கும் இழுத்துப் பிடித்திருந்தாள். விரிப்பு முழுக்க நனைந்து, ஓரத்தில் ஈரம் ஆறிப்போய்க் கிடந்தது. உடம்பு லேசாக நடுங்கியது.

"ஜோசு... எப்போலேர்ந்து?"

"கூப்புட்டேன் இல்ல, அப்போலேர்ந்து."

"மறுபடி கூப்புட வேண்டியதுதானே!"

"கையில சாமி துணி இருக்குதுன்னு சொன்னீங்களே."

குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. அவள் போட்ட கட்டளைக்கு அவளும் அடங்கிக் கிடந்திருக்கிறாள். துணியை மேஜையில் வைத்துவிட்டுப் போர்வையில் கை வைத்தேன். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. அஞ்சலை வரட்டும்."

"அவ வர மூணு மணிக்கு மேல ஆவும்."

"ஆவட்டும். நீங்க தொடாதீங்க. அந்தக் கையாலதான கோயிலுக்குத் துணியக் குடுக்கணும்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

தன் உடம்பு பட்டால் என் கை தீட்டாகிவிடும் என்று நினைக்கிறாள். இந்த நினைப்பை யார் அவளுக்குக் கொடுத்தது? சாமியாரா, மாசேரா? அஞ்சலை டப்பைக் கொண்டுவரும்போதெல்லாம் பேப்பரோடு வெளியே போனேனே, நான்தான் கொடுத்தேன். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் தினமும் கொடுத்திருக்கிறேன்.

மேஜையில் இருந்த துணியைப் பார்த்தேன். துணிக்கு இன்னா மரியாதை, அவரு ஒடம்பு அதுல பட்டிருக்குது இல்ல, அதுக்குத்தாங்க. என்றைக்கோ அவள் சொன்னது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. முந்தின நாள், வெள்ளிக்கிழமை, மாசேர் நன்மை, அதாவது ஆண்டவருடைய உடலான அந்த அப்பத்தை, கொண்டுவந்து இவள் நாக்கில் வைத்துவிட்டுப் போனார். வாரா வாரம் வைக்கிறார். ஒரு துகள் பட்ட துணிக்கு நான் குளித்து, வேட்டி மாற்றி, மூச்சை அடக்கி மரியாதை செய்கிறேன். சிறுபிள்ளையிலிருந்து அவரை முழுசாக வாங்கிக்கொண்ட உடம்பை ஈரத்தில் போட்டுவைத்திருக்கிறேன்.

பிரசங்கம் கேட்டுத் திருந்துகிற ஆள் இல்லை நான். இது யாரும் பண்ணிய பிரசங்கமும் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டது, நான் கேட்டேன். அதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது.

"ஜோசு, கைய எடு."

"வேணாங்க..."

"எடும்மா."

என் குரல் உடைந்ததைக் கேட்டுத்தான் எடுத்தாள் என்று நினைக்கிறேன்.

வெந்நீர் வைத்தேன். அஞ்சலையின் நீல டப்பைத் தேடி எடுத்தேன். மாற்றுத்துணி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. "பீரோல ரெண்டாவது தட்டு. அது இல்ல, கீழ," என்று அவள்தான் வழி சொன்னாள். சொந்த வீட்டில் சொந்தப் பெண்டாட்டியின் நைட்டி இருக்கும் இடம் தெரியாத மனுஷன் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

விரிப்பை உருவினேன். அவளைத் திருப்பினேன். நான் நினைத்ததைவிட எவ்வளவோ கனம் குறைந்திருந்தாள். இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்திருந்தது. பழைய மெல்லிய துண்டை வெந்நீரில் நனைத்து, முதுகிலிருந்து ஆரம்பித்து, அவசரப்படாமல் துடைத்தேன். அவள் வெட்கத்தில் கண்ணை இறுக மூடியிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது.

"ஐயா! துணி ரெடியா?" மாசேரின் குரல்.

ஜோசபின் பதறினாள். "மாசேர் வந்துட்டாங்க. போங்க, போயி துணியக் குடுங்க. மழையில நிக்கிறாங்க பாருங்க."

"நிக்கட்டும்," என்றேன். "முதல் தண்ணில கை வெச்சிட்டேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். என்னையே பார்த்தாள்.

"மாசேர், கதவு தொறந்துதான் இருக்குது. உள்ள வந்து உக்காருங்க. கொஞ்ச நேரம் ஆவும்," என்று குரல் கொடுத்துவிட்டு மீதியைத் துடைத்தேன். ஈரம் போக ஒற்றி, பவுடர் போட்டு, உலர்ந்த துணி மாற்றி, புது விரிப்புப் போட்டு, ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். அஞ்சலை கால் மணியில் செய்வதற்கு எனக்கு முக்கால் மணி ஆயிற்று.

டப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இடப்பக்கம் குளியலறை, அங்கே தண்ணீர் போகும் வழி. கால் பழக்கத்தில் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தது. நின்றேன். அப்புறம் முற்றத்துக்கு இறங்கினேன்.

சார்ப்பின் கீழே குடையைச் சுருக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மாசேர் எழுந்தார். என் ஈர வேட்டியைப் பார்த்தார், டப்பைப் பார்த்தார், நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்தார். வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

மழை தூறலாகக் குறைந்திருந்தது. நந்தியாவட்டையின் கீழே குனிந்தேன். முதுகுக்குப் பின்னால் ஜன்னல். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். சாமி செடிக்கு எதைக் கொண்டுபோறீங்க என்று சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. டப்பைச் சாய்த்தேன்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"மெதுவா ஊத்துங்க. வேர் கலையும்."